2316 ஹாஜர்

“ஆளுங்களை எல்லாம் வெளிய வந்து வரிசையா நிக்கச் சொல்லுங்க சார். நம்பர் கூப்பிடணும். நானே நின்னு எண்ணணும்.”

எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஒரு முறைக்கு மூன்று முறை சொல்லித்தான் ரூபினியை அனுப்பியிருந்தார் சுந்தரேசன் சார். போலீஸ் ஸ்டேஷன்களில் ஆள் எத்தனை, அவர்களுக்கு என்ன பயிற்சி, வண்டி எத்தனை, மழைக்கோட்டு எத்தனை என்று பார்த்து அரசாங்கத்துக்கு எழுதுகிற சின்ன ஆபீஸ் அவர்களுடையது. “நம்ம வேலை ரிஜிஸ்டரைப் பார்க்கிறதும்மா, ஆளைப் பார்க்கிறது இல்ல. ரெண்டு புக்கும் ஒத்துப்போச்சா, டிக் போடு, டீ குடி, கிளம்பி வந்துட்டே இரு.”

ஒன்பது மாதமாக அவளும் டிக் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். இன்னும் மூன்று மாதம் இப்படியே ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம். பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் சந்திலேயே பி.காம். முடித்து அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். அவள் அப்பா பச்சைமுத்து கார்ப்பரேஷனில் தெருக் கூட்டுகிறவர். மகள் ஆபீஸுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துத் தன் துடைப்பத்தை எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் சாய்த்துவைக்கிற மனுஷன். அதைப் பார்க்கும்போதெல்லாம் ரூபினிக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் என்று தெரியாத கோபம். அதையும் டிபன் பாக்ஸோடு சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவாள்.

சப் இன்ஸ்பெக்டர் சஞ்சய் சிரித்தார். அவளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

“ஏன் மேடம் இந்த மழையில? நாப்பத்தொண்ணு போஸ்ட், நாப்பத்தொண்ணு ஆளு. ரிஜிஸ்டர் கரெக்டா இருக்கா? ஆய்த்து, முடிஞ்சுது. சும்னே எதுக்குத் தொந்தரவு?”

“கரெக்டா இருந்தா நிக்கட்டும் சார். அஞ்சு நிமிஷ வேலை. நீங்கதானே சொன்னீங்க, கணபதி ஊர்வல பந்தோபஸ்து பிரிக்கிறதுக்கு மூணு மணிக்கு எல்லாரும் வருவாங்கன்னு?”

கேட்க வேண்டும் என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டு வரவில்லை. கேட்க வைத்தது வாசல்.

இரண்டு மணிக்கு அவள் உள்ளே நுழைந்தபோது வராந்தாவில் சென்ட்ரி நின்றுகொண்டிருந்தது ஒரு பெண் கான்ஸ்டபிள். லட்சுமம்மா என்று மார்பில் பெயர்ப்பட்டை. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஷூவின் நாடாவை முழுக்க அவிழ்த்துவிட்டிருந்தாள். பாதம் இட்லி மாவு மாதிரி உப்பி ஷூவுக்கு வெளியே வழிந்தது. ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தால், வாசல் காவலுக்கு எப்போதும் இரண்டு பேர். அன்றைக்கும் இரண்டு பேர்தான் எழுதியிருந்தது. ரூபினி எழுந்து போய்க் கேட்டாள்.

“உங்க கூட இன்னொருத்தர் டூட்டின்னு போட்டிருக்கே. 2316. எங்க அவரு?”

லட்சுமம்மா தன் வலது பக்கம், வராந்தாத் தூணைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. கழிப்பறைக்குப் போனவரைத் தேடுகிற பார்வையாக அது இல்லை. பக்கத்தில் நிற்கிற ஆளிடம் ‘உன்னைத்தான் கேட்கிறாங்க’ என்று கண்ணால் சொல்கிற பார்வை.

“இருக்காரு மேடம்” என்றாள்.

அப்புறம்தான் ரூபினி மற்ற புத்தகங்களையும் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தாள். துப்பாக்கிப் பயிற்சிப் புத்தகத்தில் வருஷா வருஷம் 2316க்குப் பத்துக்குப் பத்து. ஸ்டேஷனிலேயே வேறு யாருக்கும் ஏழைத் தாண்டவில்லை. ஸ்டோர் புத்தகத்தில் மழைக்கோட்டு 2316க்குக் கொடுக்கப்பட்டது என்றிருந்தது, எதிரே வாங்கிக்கொண்டதற்குச் சாய்வாக ஒரு கையெழுத்து. ஸ்டோர் அறைக்குப் போய்ப் பார்த்தாள். அந்த எண் எழுதிய ஆணியில் கோட்டு தொங்கியது. மேலே கான்ஸ்டபிள்கள் வைக்கிற, ஒரு பக்கம் மடித்த தொப்பி. கோட்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே யாரோ ஒரு பழைய சோப்பு டப்பாவை வைத்திருந்தார்கள். டப்பா பாதி நிறைந்திருந்தது.

“யாராவது போட்டுட்டுப் போய்ட்டு வந்தாங்களா?” என்று கேட்டாள். ஸ்டேஷனின் எழுத்து வேலை முழுவதையும் பார்க்கிற ஹெட் கான்ஸ்டபிள் மதலைமுத்து கூடவே வந்திருந்தார். லிங்கராஜபுரத்துக்காரர், காக்கிச் சட்டைக்குள் சிலுவைச் சங்கிலி. அவர் கோட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். “கூரை ஒழுகுதும்மா.”

கூரை ஒழுகவில்லை. ரூபினி நிமிர்ந்து பார்த்தாள். காய்ந்த கான்கிரீட், ஒரு சிலந்தி வலை.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு முன்னால் டீ வந்திருந்தது. இரண்டு கிளாஸ். ஒன்று அவளுக்கு எதிரே, ஒன்று அவளுக்குப் பக்கத்திலிருந்த காலி நாற்காலிக்கு எதிரே. எஸ்.ஐ.க்கு என்று நினைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது, வரிசையாக நிற்கச் சொல்லுங்கள் என்று.

*

ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு முற்றம். கேட்பாரில்லாத பிடிபட்ட ஸ்கூட்டர்கள் துருப்பிடித்து ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஓட்டை விழுந்த தகரக் கொட்டகையின் கீழே, சிமெண்ட் தரையில் எல்லோரும் வந்து நின்றார்கள். மழை பெரிதாக இல்லை, ஆனால் விடவும் இல்லை. பெங்களூரு மழை அப்படித்தான், வந்த வேலை முடிந்தும் கிளம்பாத விருந்தாளி மாதிரி.

ரூபினி எண்ணினாள். லட்சுமம்மாவையும் வாசலிலிருந்து வரச்சொன்னாள். ஹெட் கான்ஸ்டபிளையும் சேர்த்து இருபத்து மூன்று. மறுபடி எண்ணினாள். இருபத்து மூன்றுதான்.

“மத்தவங்க?”

“கூப்பிடுறேன்மா, கேளுங்க” என்று மதலைமுத்து ரோல் கால் புத்தகத்தைப் பிரித்தார். மழைத்துளி பட்டு மை கரையாமல் இருக்கத் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

நம்பர் கூப்பிடக் கூப்பிட, இருக்கிறேன் என்பதற்கு ‘ஹாஜர்’ என்று பதில் வந்தது. முதல் ஐந்தாறு நிஜம். அப்புறம் ஒரு நம்பருக்கு, ஏற்கெனவே ஒரு தடவை ஹாஜர் சொன்ன நெட்டையனே குரலைக் கொஞ்சம் தடிமனாக்கிக்கொண்டு மறுபடி சொன்னான். அவன் உதடு அசைந்ததை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். வெட்கப்படவில்லை. இல்லாத ஆளுக்கு வலது கைப் பக்கம் நிற்கிறவன் பதில் சொல்ல வேண்டும், அதுதான் இந்த ஸ்டேஷன் வழக்கம் என்று அப்புறம் தெரிந்தது. தினமும் காலையில் இப்படித்தான். அம்மன் கோயில் கூழ் வரிசையில் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேர்த்துச் சொம்பு வைப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் செய்தார்கள்.

ரூபினி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு உதடாகப் பார்த்துக் கையிலிருந்த தாளில் கோடு கிழித்தாள். இரவல் குரல் ஒன்று. இரண்டு. ஐந்து. ஒன்பது.

“2316.”

“ஹாஜர்.”

அவள் பேனா தாளில் இறங்கவில்லை. எந்த உதடும் அசையவில்லை.

“இன்னொரு தடவை கூப்பிடுங்க.”

மதலைமுத்து கூப்பிடவில்லை. புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காது மடல் சிவந்திருந்தது. ரூபினியே கூப்பிட்டாள், கொஞ்சம் சத்தமாக.

“2316!”

“ஹாஜர்.”

வரிசையின் நடுவிலிருந்து வந்தது. தண்ணீர் குடித்து வெகுநேரமான ஒருவனின் வறண்ட குரல். கோபமில்லை, சோகமில்லை. எப்போது விடுவீர்கள் என்று கேட்கக்கூடத் தெம்பில்லாத குரல்.

அப்போதுதான் வரிசையில் இருந்த இடைவெளியைக் கவனித்தாள். தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றவர்கள் அந்த நெட்டையனுக்கும் அவனை அடுத்து நின்ற குட்டை மீசைக்காரனுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டிருந்தார்கள். மழைத்தண்ணீர் தெறித்துத் தரை முழுக்க ஈரம். அந்த இடைவெளியில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னத் திட்டுகள், ஷூ அளவுக்கு, காய்ந்து வெள்ளையாக இருந்தன.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் வந்தால் பின்வாங்குகிற புத்தி அவளுக்கு எப்போதும் கிடையாது. பயத்தின் மேலேயே கோபம் வரும். நேராக அந்த இடைவெளியை நோக்கி நடந்தாள். இரண்டடி இருக்கும்போது லட்சுமம்மா ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

“அங்க போய் நிக்காதே கண்ணு. நின்னா விடமாட்டாங்க.”

“யாரு? அவரா?”

“அவரு பாவம். அவரு என்ன செய்வாரு? நம்மாளுங்கதான். அந்த இடத்துல யார் நின்னாலும் டூட்டி போட்டுடுவாங்க.”

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான்.

*

உள்ளே வந்ததும் சஞ்சய் தன் செல்போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். சுந்தரேசன் சாருக்குத்தான் போகிறது என்று ரூபினிக்குத் தெரியும். வராந்தாவில் லட்சுமம்மா மறுபடி தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“உட்காருங்கம்மா. ஒரு ஸ்டூல்கூடவா இல்ல?”

“சென்ட்ரி உட்காரக் கூடாது மேடம். ரெண்டு பேர் இருந்தா மாத்தி மாத்தி ஒருத்தர் உட்காரலாம். நேத்துக் காலையிலேர்ந்து நிக்கிறேன்.”

“ரெண்டாவது ஆளு யாரு? சொல்லுங்க.”

லட்சுமம்மா சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர் காதில் விழுந்து அவர் மனசு கஷ்டப்படக் கூடாது என்பது போலச் சொன்னாள்.

2316 என்பது உமேஷ். ஆறு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றேழில், இதே மழை மாதம். ஊரில் ஏதோ பெரிய ஊர்வலம். இருந்த ஆட்களையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். திங்கட்கிழமை காலையில் வாசல் காவலுக்கு நின்ற உமேஷை மாற்ற ஆள் வரவில்லை. சென்ட்ரி தானாக இடத்தைவிட்டுப் போக முடியாது. மாற்ற வருகிறவன் எதிரே வந்து நின்று தன் நம்பரைச் சொல்லி, ‘டூட்டி எடுத்துக்கிட்டேன்’ என்று சொல்லித் துப்பாக்கியை வாங்க வேண்டும். அப்புறம்தான் போகலாம். செவ்வாயும் யாரும் வரவில்லை. புதன்கிழமை காலை ரோல் காலில் 2316 என்று கூப்பிட்டபோது, அவன்தான் வாசலில் நிற்கிறானே என்று வலது கைப் பக்கம் நின்றவர் ‘ஹாஜர்’ சொன்னார்.

“பதினோரு மணிக்கு நான் உப்புமா கொண்டுபோய்க் கொடுத்தேன். தூண்ல சாஞ்சு, தொப்பியை இறக்கிவிட்டு நின்னுட்டு இருந்தாரு. ‘அண்ணா, சாப்பிடு’ன்னு கையைத் தொட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு. துப்பாக்கியை அப்படியே பிடிச்சிருக்காரு, விரலைப் பிரிக்க முடியல. எட்டு மணிக்கெல்லாம் உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அந்த மூணு மணி நேரம் எத்தனை பேரு அவரைத் தாண்டிப் போயிருக்கோம். நான்கூட ஒரு தடவை நமஸ்காரம் சொன்னேன் மேடம்.”

“செத்தவரை எப்படி இன்னும் டூட்டியில வச்சிருக்கீங்க?”

அதற்குப் பதில் சொன்னது மதலைமுத்து. எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை.

“நின்னுக்கிட்டே செத்தான்னு எழுதினா விசாரணை வரும்மா. ரெண்டு நாள் யார் அவனை மாத்தலன்னு கேப்பாங்க. அதனால லீவுல வீட்ல இருந்தப்போ செத்தான்னு எழுதினாங்க. சம்பளப் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்தாச்சு. ஆனா ஆள்பலப் பட்டியல் வேற ஆபீஸ், உங்க ஆபீஸ். அங்க காலின்னு எழுதி ஒரு வருஷம் ஆள் வரலைன்னா அந்தப் போஸ்டையே எடுத்துடுவான். அப்போ இருந்த இன்ஸ்பெக்டர் சொன்னாரு, பேரை விடு, நம்பரை மட்டும் உயிரோட வச்சிரு, ஆள் வந்ததும் அவனுக்குக் கொடுத்துடலாம்னு. ஆள் வரல. அவனுக்கப்புறம் ரிட்டயர் ஆனவன், மாத்தலாகிப் போனவன், பதினேழு நம்பர். எல்லாம் அதே மாதிரி. அதுங்களுக்கெல்லாம் நாங்கதான் வாய் கொடுக்கணும். இவன் மட்டும்…”

மதலைமுத்து சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்கு மேலாகத் தொட்டுக்கொண்டார்.

ரூபினி கணக்குப் போட்டாள். ஸ்டேஷன் நிறைவு என்று தான் கையெழுத்துப் போட்டால், இந்த வருஷம் பயிற்சி முடித்து வருகிற புது ஆட்களில் ஒருவர்கூட இங்கே வரமாட்டார். லட்சுமம்மா இன்னும் ஒரு வருஷம் இந்தத் தூணோடு நிற்க வேண்டும். அந்த உப்பிய கால் ஒரு வருஷம் தாங்காது. ஒரு காலையில் இவளுக்கும் யாராவது ‘ஹாஜர்’ சொல்வார்கள். அப்புறம் வாசலில் இரண்டு நம்பர் நிற்கும்.

“மேடம், ஃபோன்.” சஞ்சய் செல்லை நீட்டினார். இப்போது சிரிப்பு இல்லை.

“என்னம்மா பண்ணிட்டு இருக்கே அங்க?” சுந்தரேசன் சாரின் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. “படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. ஃபார்ம்ல நாப்பத்தொண்ணுன்னு போடு. உன் கையெழுத்தைப் போடு. ரெண்டாவது கையெழுத்து, சிவசங்கரன் சாரோடது, ஏற்கெனவே இருக்குல்ல? அவ்வளவுதான். அப்பா நல்லா இருக்காரா? மூணு மாசம் பொறுத்துக்கோம்மா. உன் நல்லதுக்குத்தான்.”

ஆய்வுப் படிவத்தில் எப்போதும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், இரண்டு அதிகாரிகள் நேரில் வந்து பார்த்தார்கள் என்று. ரூபினி பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். அடியில் சிவசங்கரனின் நீலக் கையெழுத்து வழக்கம்போல முன்கூட்டியே இருந்தது. ஒன்பது மாதமாக அந்த மனுஷன் மேல் அவளுக்கு எரிச்சல். அவள் மேஜைக்குப் பக்கத்து மேஜை அவருடையது. நாற்காலி முதுகில் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் தொங்கும். காலையில் அவள் போவதற்கு முன்னால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும். கேட்டால் ‘சார் கேம்ப் போயிருக்காரு’ என்பார்கள். வேலையையெல்லாம் சின்னப் பெண் தலையில் கட்டிவிட்டு ஊர் சுற்றுகிற ஆள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த ஸ்வெட்டர் இடம் மாறி அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. டிசம்பர் குளிரில்கூட.

“சார்” என்றாள். “சிவசங்கரன் சாரை நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?”

மறுபக்கத்தில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆபீஸில் அவள் மேஜைக்கு மேலே இருக்கிற ஃபேன்தான் அப்படிக் கடகடக்கும்.

“அவரு போஸ்ட்டையும் எடுத்துடுவான்னுதானே சார்?”

“ரூபினி. சும்மா கையெழுத்தைப் போட்டுட்டு வா.”

“எப்படி சார் போனாரு?”

ஃபோன் துண்டானது.

அவள் செல்லைச் சஞ்சயிடம் கொடுத்தாள். பார்வை தற்செயலாக மேஜையில் விழுந்தது. அவளுடைய டீ தொடாமல் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. பக்கத்து நாற்காலிக்கு எதிரே இருந்த கிளாஸ் காலி. அடியில் கொஞ்சம் தூள் மட்டும் ஒட்டியிருந்தது. நாற்காலியும் மேஜையிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தது, யாரோ கால் நீட்டி உட்கார்ந்த மாதிரி.

“இந்த டீயை யார் குடிச்சது?”

“உங்க கூட வந்த சார்தான் மேடம்” என்று சொல்லிவிட்டு சஞ்சய் குழம்பினார். “ரெண்டு பேர்னுதானே வாசல் புக்ல இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் ரெண்டு டீ சொன்னேன். அவரு… பாத்ரூம் போயிருக்காருன்னு நினைச்சேன்.”

ரூபினி வராந்தாவுக்குப் போய் வாசல் புத்தகத்தைத் திருப்பினாள். வருகிறவர் பெயரைச் சென்ட்ரிதான் எழுத வேண்டும். இரண்டு மணி, ரூபினி, ஆய்வு அதிகாரி. அதற்குக் கீழே இரண்டு மணி, சிவசங்கரன், ஆய்வு அதிகாரி. முதல் வரி லட்சுமம்மாவின் குண்டு குண்டான எழுத்து. இரண்டாவது வரி நெடுநெடுவென்று சாய்ந்த வேறு கை. ஸ்டோர் புத்தகத்தில், மழைக்கோட்டு வாங்கிக்கொண்டதற்கு 2316 கையெழுத்துப் போட்டிருந்த அதே கை.

“நான் எழுதல மேடம்” என்றாள் லட்சுமம்மா. “உங்க பின்னாடி யாரோ வந்த மாதிரி உமேஷண்ணா ஒதுங்கி வழி விட்டாரு. அவருக்குத் தெரிஞ்ச ஆளா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.”

ஒன்பது மாதமாகத் தான் போன ஸ்டேஷன்களையெல்லாம் ரூபினி ஒரு நொடியில் நினைத்துப் பார்த்தாள். எல்லா இடத்திலும் இரண்டு டீ வைத்தார்கள். எஸ்.ஐ.க்கு என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தாள். பாடாவதி பஸ்ஸில் கூட்டம் நெரிக்கும்போதும் பக்கத்து சீட்டில் யாரும் வந்து உட்கார மாட்டார்கள். அதைத் தன் அதிர்ஷ்டம் என்றுகூட ஒரு நாள் வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

நியாயமாக அலறியிருக்க வேண்டும். அவளுக்கு வந்ததோ அழுகை, அதற்கு மேல் கோபம். செத்தும் இவர்களை விடமாட்டீர்களா? ஒருத்தரைத் தூணில் சாய்த்து வைத்திருக்கிறீர்கள், இன்னொருத்தரை என் பின்னால் ஊர் ஊராக அனுப்புகிறீர்கள். கேட்டால் போஸ்ட் போய்விடும்!

அங்கேயே, வாசல் புத்தகத்தின் மேல் படிவத்தை வைத்து எழுத ஆரம்பித்தாள்.

“அம்மா, யோசிச்சு எழுதுங்க” என்றார் மதலைமுத்து. “காலின்னு போட்டா பதினெட்டும் போச்சு.”

“இல்லாத ஆளை வெட்டினா உங்களுக்கு என்ன சார் குறையும்? இன்னிக்கும் இருபத்திமூணு பேர்தான். வெட்டினாலும் இருபத்திமூணு பேர்தான். ஆனா 2316 மட்டும் வெறும் காலி இல்ல.” படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் விதிகள். ஒன்பது மாதத்தில் பஸ்ஸில் படிக்க வேறு எதுவும் இல்லாமல் அதை மனப்பாடமே செய்திருந்தாள். “டூட்டியில செத்தவரோட இடத்தை ஒரு மாசத்துக்குள்ள நிரப்பியே ஆகணும். யாரும் எடுக்க முடியாது. உங்க பொய் மட்டும் இல்லன்னா லட்சுமம்மா பக்கத்துல ஆறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு ஆள் வந்து நின்னிருப்பாரு.”

மதலைமுத்துவின் முகம் சுண்டிப்போயிற்று.

“விசாரணை வரும்.”

“வரட்டும்.”

“அன்னிக்கு அவனுக்கு ஹாஜர் சொன்னது நான்மா. திங்கட்கிழமை சாயந்திரம் அவனை மாத்த வேண்டியவனும் நான்தான். பந்தோபஸ்து முடிஞ்சு வந்தப்போ கால் நிக்கல. ஒரு மணி நேரம் படுத்துட்டு வரேன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போனேன். எனக்குக் காய்ச்சல்.” அவர் தூணைப் பார்க்கவில்லை. “ரிட்டயர்மெண்டுக்கு நாலு மாசம் இருக்கு.”

ரூபினி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் இந்த வாசலில் நிற்பவர்கள் யாருக்குமே விடிவில்லை.

“இத்தனை வருஷமா அவரு கேக்கிறது ஒண்ணுதான் சார்” என்றாள். “எதிர்ல போய் நின்னு நம்பரைச் சொல்லுங்க. அதுக்கு என் ஃபார்ம் தேவையில்ல.”

எழுதி முடித்தாள். நேரில் எண்ணியது இருபத்து மூன்று. 2316 உமேஷ், தொண்ணூற்றேழில் இந்த வாசலில் காவல் நின்றபோது இறந்தார், இன்றுவரை மாற்றப்படவில்லை. அடியில் சிவசங்கரனின் நீலக் கையெழுத்தின் மேல் ஒரு கோடு கிழித்து, ‘இவரை நான் பார்த்ததே இல்லை. இவரையும் விடுவிக்கவும்’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள்.

“இதை உங்க சார் மேல அனுப்ப மாட்டாரு மேடம்” என்றார் சஞ்சய் மெதுவாக. மிரட்டலாகச் சொல்லவில்லை. “கிழிச்சுப் போட்டுடுவாரு.”

“அவருகிட்ட யார் கொடுக்கப் போறாங்க? விதான சௌதாவுல, தலைமைச் செயலகத்துலயே, தபால் செக்ஷன் அஞ்சு மணிவரைக்கும் இருக்கு. சீல் வச்சு ரசீது வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.”

“வேலை போயிடும்.”

“தெரியும்.”

அப்பாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் ஒரு கணம் நினைத்தாள். அப்புறம் அதையும் மடித்துப் படிவத்தோடு பைக்குள் வைத்தாள். உள்ளே போய்த் தன் நாற்காலியைத் தூக்கிவந்து லட்சுமம்மாவின் பின்னால் போட்டுத் தோளைப் பிடித்து அழுத்தினாள். லட்சுமம்மா எதிர்க்கவில்லை. உட்கார்ந்ததும் ‘அப்பாடி’ என்று ஒரு சத்தம் வந்தது. அது ஒரு குரலாக மட்டும் கேட்கவில்லை, தூண் பக்கமிருந்தும் வந்தது.

வாசல் புத்தகத்தில் தன் பெயருக்கு எதிரே வெளியே போன நேரத்தை எழுதினாள். மூன்று ஐம்பது. கீழ் வரியில் சிவசங்கரன் பெயருக்கு எதிரேயும் மூன்று ஐம்பது என்று எழுதினாள். பின்னால், உள்ளே, நாற்காலி ஒன்று தரையில் கிரீச்சிட்டு நகர்ந்தது.

குடையை விரித்துப் படியிறங்கினாள். நாலாவது படியில் இருக்கும்போது மதலைமுத்துவின் ஷூச் சத்தம் தூணை நோக்கி நடந்து நின்றது கேட்டது. தொண்டையைச் செருமினார். தன் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார், முதல் இரண்டு எண்ணில் குரல் உடைந்தது, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

ரூபினி திரும்பிப் பார்க்கவில்லை. மழையில் பஸ் ஸ்டாப்பை நோக்கி வேகமாக நடந்தாள்.